வலது பக்கம் ஐந்தங்குலம்

"ஒண்ணுல இருந்து பிடிச்சிருக்கேன். நீ படி" என்றார் அப்பா.

அவருடைய டேப்பின் முனைக் கொக்கி பல வருஷமாக ஆடிக்கொண்டிருந்தது. அதனால் எதை அளந்தாலும் ஓரங்குலக் கோட்டிலிருந்து தொடங்குவார். கடைசியில் ஒன்றைக் கழிப்பார். புது டேப் வாங்கிக் கொடுத்தால் வாங்கி இழுப்பறையில் போட்டுவிடுவார். இந்த டேப் எவ்வளவு பொய் சொல்லும் என்று தனக்குத் தெரியும், புதுசு சொல்லப்போகும் பொய்யை எங்கே போய்க் கண்டுபிடிப்பது என்பது அவர் கட்சி. மகளின் வேலை, தொழிற்சாலைகளிலிருந்து வரும் அளவுக் கருவிகளைச் சோதித்து, எவ்வளவு பிழை என்று சான்றிதழ் எழுதிக் கொடுப்பது. அந்தக் கட்சியில் அவளாலும் குற்றம் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடம். வியாழக்கிழமை காலை. அப்பாவின் டயாலிசிஸ் டோக்கன் நாற்பத்து மூன்று. பலகையில் முப்பத்தெட்டு எரிந்துகொண்டிருந்தது. சுவரில் தொங்கிய வயற்காட்டுப் படத்தின் இடது ஓரத்தில் அவர் டேப்பை அழுத்திப் பிடித்திருந்தார். மகள் நாற்காலி மேல் ஏறி வலது ஓரத்தில் நின்றாள்.

"முப்பத்தாறேகால்."

"ஒண்ணைக் கழி."

"முப்பத்தஞ்சேகால். சென்டிமீட்டர்ல எண்பத்தொன்பதரை."

"உன் சென்டிமீட்டரை உன் லேப்லயே வெச்சுக்கோ. சட்டம் ரெண்டு பக்கமும் மூடிச் சாப்பிட்டது எவ்வளவு?"

"ஆறு நூல். முக்கால் அங்குலம். மொத்தம் முப்பத்தாறு."

"முப்பத்தாறு" என்றார். அது தெரிந்த கணக்குத்தான். ஆனாலும் யாரோ வெளியாள் வாயிலிருந்து கேட்டதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார்.

வாட்ச்மேன் வந்துவிட்டார். "என்ன பெரியவரே, சுவத்தை விலைக்குக் கேட்டிருக்கீங்களா?"

"சுவரு உனக்கே இருக்கட்டும்பா. படத்துல கொஞ்சம் வேலை மிச்சம் இருக்கு."

"டாக்டர் பார்த்தா என் வேலையில மிச்சம் இருக்காது. இறங்குங்கம்மா."

அப்பா சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அளவை எழுதினார். பென்சிலைக் காதில் செருகினார். செருகியது மறந்து, பிறகு ரொம்ப நேரம் பையில் தேடினார். மகள் சிரித்தாள்.

அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அதற்கடுத்த புதன்கிழமை அவர் இல்லை.

அவருக்குக் கடைத்தெருவில் வைத்த பெயர் மூணு நூல். படங்களுக்குச் சட்டம் போடும் கடை. பத்தடிக்கு எட்டடி. அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். சட்டத்தின் உள்விளிம்பு படத்தின் ஓரத்தை மூன்று நூல் அளவுக்கு மூடிப் பிடிக்கும். "சட்டம் மூணு நூல் சாப்பிடும், பரவாயில்லையா?" என்று கேட்காமல் யாரிடமும் வேலையை வாங்கமாட்டார். பட்டச் சான்றிதழ், கல்யாணப் படம், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்குக் கொடுத்த வாழ்த்து மடல் என்று எது வந்தாலும் அதே கேள்வி. சிலருக்கு எரிச்சல் வரும். "முழுசா சாப்பிடாம இருந்தா சரி" என்று ஒருத்தர் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து பெயர் நிலைத்துவிட்டது.

ஒரே ஒருத்தியிடம் கேட்க மறந்தார். தட்டச்சுச் சான்றிதழோடு வந்த பெண். சட்டம் போட்டுக் கொடுத்த பிறகு பார்த்தால் அதிகாரியின் கையெழுத்தில் பாதி உள்ளே போயிருந்தது. சண்டை போட வந்தாள். மறுநாளும் வந்தாள். சண்டை போட வந்தவள் கடைசியில் குடும்பம் நடத்த வந்துவிட்டாள் என்று கடைத்தெருவே பேசிச் சிரித்தது. அந்தச் சான்றிதழ் இன்னும் வீட்டுக் கூடத்தில் பாதிக் கையெழுத்தோடுதான் தொங்குகிறது. திருத்திக் கொடுக்கிறேன் என்று அவர் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். அம்மா கொடுக்கவில்லை. "இருக்கட்டும். இவர் தப்பே பண்ணமாட்டார்னு யாராவது சொன்னா காட்டறதுக்கு வேணும்."

யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் சுவரைப் பார்ப்பார். படம் கோணலாக இருந்தால் எழுந்துபோய் நேராக்குவார். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போன அன்று முதல்வரின் அறைக்குள் நுழைந்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல், அவர் தலைக்கு மேலிருந்த படத்தை ஒரு விரலால் தள்ளி நேராக்கினார். மகளுக்கு மானம் போயிற்று. முதல்வர் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆறு வருஷமா எனக்குக் கழுத்து வலிங்க. இப்பதான் காரணம் புரியுது" என்றார்.

இப்படிப்பட்டவர் ஆஸ்பத்திரிக்குள் மட்டும் கால் வைத்ததில்லை. மகள் பிறந்தபோது சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றார். நர்ஸ் குழந்தையை வாசல்வரை கொண்டுவந்து காட்டினாள். ஆறாம் வகுப்பில் மகள் கையை உடைத்துக்கொண்டபோதும் வாசலோடு சரி. "பினாயில் வாசனை ஆகாதாம். எனக்கு வாய்ச்ச வீரர்" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். அவர் மறுப்பு சொன்னதில்லை.

அறுபதாவது வயதில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்துக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும், அந்தக் கூடத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்றாயிற்று. முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்தவர் நிமிரவே இல்லை. எதிர்ச் சுவரில் அந்தப் படம். நேராகத்தான் தொங்கியது.

காத்திருப்பவர்களுக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை. ஆகவே எல்லோரும் படத்தைத்தான் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் பொருள் சொன்னார்கள்.

கஞ்சி போட்டு விறைப்பாக்கிய படுக்கை விரிப்பில் வரைந்த படம். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண் வரைந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர். அதற்கு முன் கூலிக்கு வயலில் இறங்கியவர் என்று கீழே ஒரு தகரத் தகட்டில் எழுதியிருந்தது. மேலிருந்து பார்ப்பதுபோல வயல்கள் கட்டம் கட்டமாக இருந்தன. வாய்க்கால் நீலப் பின்னல்போல் நடுவில் ஓடியது. அதன் இரு கரையிலும் மரங்கள் சீப்பின் பற்கள் மாதிரி படுத்துக் கிடந்தன. கிணறு ஒரு வட்டம். ஆட்களும் மாடுகளும் மட்டும் பக்கவாட்டில். ஒரு கட்டத்தில் விதைக்கிறார்கள், ஒன்றில் களை எடுக்கிறார்கள், ஒன்றில் அறுக்கிறார்கள். நிழல் எங்கும் கிடையாது. எல்லா முகமும் வலது பக்கம் திரும்பியிருந்தது. அறுக்கிறவள் கதிரைப் பிடித்த கையோடு திரும்பியிருந்தாள். உழுகிறவனும் அப்படியே. மாடும் அப்படியே. அங்கே சட்டம்தான் இருந்தது.

"மழை மேகத்தைப் பாக்குறாங்க" என்பாள் ரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸ்.

"மேகத்தைப் பார்க்கிறவன் மேலதானே பார்ப்பான்? இது பஸ் வருதான்னு பார்க்கிற மூஞ்சி. இருபத்தெட்டு வருஷம் கண்டக்டரா இருந்தேன், இந்த மூஞ்சியை எனக்குத் தெரியாதா?" என்பார் அப்பாவுக்கு அடுத்த படுக்கைக்காரர்.

"முதலாளி வர்றான் சார்" என்பது வாட்ச்மேன். "வேலை செய்யற மாதிரியும் இருக்கணும், அவன் எங்க வர்றான்னு தெரிஞ்சுக்கவும் வேணும். நானே அப்படித்தான் நிக்கிறேன்."

கணவனை உள்ளே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "யாரோ போயிட்டாங்கன்னு சேதி வந்திருக்கு" என்றாள். "இல்லன்னா கதிரைக் கையில வெச்சுக்கிட்டு யார் நிப்பாங்க?"

மகள் எண்ணினாள். இருபத்து மூன்று ஆட்கள், நான்கு மாடுகள், பதினோரு பறவைகள். ஒன்றுகூட இடது பக்கம் பார்க்கவில்லை.

"ரெண்டு பேர் பார்த்தா தற்செயல்னு விட்டுடலாம்ப்பா. எல்லாம் ஒரே பக்கம் சாயுதுன்னா ஒரு காரணம் இருக்கு. படத்துக்குள்ள அந்தக் காரணம் இல்லை. அப்புறம், விதைக்கிறதும் அறுக்கிறதும் ஒரே நாள்ல எப்படி நடக்கும்?"

"விதைச்சாலும் பசிக்கும். அறுத்தாலும் பசிக்கும்" என்றார் அப்பா.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. டோக்கன் மாறிடுச்சு பாரு."

விஷயம் வெளியே வந்தது வாட்ச்மேனால். ஒரு திங்கட்கிழமை மதியம். வலது பக்கம், படத்தின் ஓரத்துக்கு நேர் கீழே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மகள் அதில் பையை வைத்தாள்.

"அது லாண்டரி அம்மா நாற்காலி" என்றார் வாட்ச்மேன். "இந்தப் படம் வரைஞ்சாங்களே, அவங்களுது. நான் வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து பார்க்கிறேன், மதியம் ஒரு மணிக்கு டப்பாவைத் தூக்கிட்டு வந்துடுவாங்க. கேன்டீன்ல இடம் இருக்கு, அவங்க பிரிவுலயே மேசை இருக்கு. ம்ஹூம். இங்கதான் திறப்பாங்க. ஆள் உட்கார்ந்திருந்தா எழுந்திருக்கிறவரைக்கும் நின்னுட்டே இருப்பாங்க. ஏன்மான்னு கேட்டா, 'இங்கதான் சாப்பிடணும்'னு சொல்வாங்க. வேற பேச்சு இல்ல. போய்ச் சேர்ந்து பத்து வருஷம் இருக்கும்."

அப்பா டோக்கன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எண் எரிந்தது. எழுந்திருக்கவில்லை. மகள் தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தார்.

அன்று உள்ளே, நான்கு மணி நேரம் குழாயில் ரத்தம் போய் வந்துகொண்டிருக்க, மேல்தளத்தைப் பார்த்தபடி சொன்னார். மகள் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தாள்.

"அந்தப் படம் நாற்பத்தொரு அங்குலம். என்கிட்ட இருந்த கண்ணாடி முப்பத்தாறு. ரெண்டு நாள்ல இந்தக் கூடத்துக்குத் திறப்பு விழா. டிப்போவுல பெரிய கண்ணாடி அடுத்த வாரம்தான் வரும்னுட்டான். படத்தோட இடது ஓரத்துல அஞ்சு அங்குலத்துக்கு வெறும் புல்லுதான். ஆளும் இல்ல, மாடும் இல்ல. கொண்டுவந்த அதிகாரிகிட்ட காட்டினேன். 'புல்லுதானே, எடுத்துடுங்க'ன்னார். காலண்டர் ஓரம் நறுக்கற மாதிரிதான் நானும் நெனச்சேன்."

"இடது ஓரமா?"

"இடது ஓரம்தான். மேல இரும்புக் கோல் வெச்சா சாயம் உதிரும். அதனால குப்புறப் போட்டுத்தான் வெட்டறது. எப்பவும் அப்படித்தான். குப்புறப் போட்டேன். இடது பக்கம் அஞ்சு அங்குலம் கோடு போட்டேன். வெட்டினேன்."

அவள் மனதில் துணியைத் திருப்பிப் பார்த்தாள். புரிந்தது.

"ஒரு நூல் பிசகு கிடையாது" என்றார். "அவ்வளவு நேரா என் ஆயுசுல வெட்டினதில்ல. திருப்பிப் பார்த்தா புல்லு படத்துலயே இருக்கு. துண்டுல ஒரு பொம்பள நிக்கிறா. தலையில கூடை, இடுப்புல பிள்ளை. வரப்பு மேல நடந்து வர்றா. கூடையை மூடி ஒரு துணி. செவப்புக் கட்டம் போட்ட துணி. அந்த வயல்ல இருக்கிற அத்தனை பேருக்கும் மதியச் சாப்பாடு கொண்டு வர்றா."

இயந்திரம் சத்தம் போட்டது. நர்ஸ் வந்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போனாள்.

"ஒட்டினா தையல் மாதிரி தெரியும். கண்ணாடியும் பத்தாது. அதிகாரிகிட்ட வாயைத் திறக்கல. துண்டை அட்டையோட முதுகுல பசை தடவி ஒட்டினேன். மேல பழுப்புத் தாள் ஒட்டி மூடிட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் அவங்க வந்தாங்க. சலவைக்காரக்கா. கடை வாசல்லயே நின்னு பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. 'சோறு எங்க தம்பி?'ன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'பின்னாடி பத்திரமா இருக்குக்கா. அடுத்த வாரம் பெரிய கண்ணாடி வந்ததும் முன்னாடி சேர்த்துடுறேன்.' தலையை ஆட்டிட்டுப் போனாங்க. நம்பிட்டாங்க."

"அடுத்த வாரம்?"

"நாலு மூலையிலயும் திருகாணி முடுக்கிச் சுவத்தோட சேர்த்துட்டாங்க. கழட்டணும்னா ஏன்னு சொல்லணும். சொன்னா கடை போச்சு. அப்ப நீ உங்கம்மா வயித்துல. அப்புறம் பார்க்கலாம்னு நெனச்சேன். அப்புறம் அந்தப் பக்கமே போகல."

முப்பத்தோரு வருஷம். கூடத்துக்கு வந்த ஒவ்வொரு நோயாளிக்கும் எதிரில் இருபத்து மூன்று பேர் பசியோடு நின்றார்கள் என்று மகளுக்குத் தோன்றியது.

"துண்டு இருக்கும்" என்றார். "அட்டைக்குப் பின்னாடி. அதே சட்டத்துக்குள்ளதான் இருக்கு. என் பசையில மயில்துத்தம் போடுவேன். பூச்சி கிட்ட வராது."

அதற்குப் பிறகு அவருக்கு வேறு பேச்சு இல்லை. படத்தை இறக்கி, துண்டைப் பிரித்தெடுத்து, படத்தோடு சேர்த்து, பெரிய கண்ணாடி போட்டு மாட்டிவிட வேண்டும். வரைந்தவர் போய்விட்டார். அது தெரியும். இருந்தாலும் மாட்டிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "படம் ஆஸ்பத்திரி சொத்து. இறக்கணும்னா கமிட்டிதான் முடிவெடுக்கணும்."

"நான்தாங்க சட்டம் போட்டேன்."

"போட்டவங்க எல்லாம் கழட்ட ஆரம்பிச்சா, கட்டடம் கட்டின மேஸ்திரி நாளைக்கு வந்து நிப்பாரே பெரியவரே."

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். எதற்காக என்ற இடத்தில், 'என் தவறைச் சரி செய்ய' என்று எழுதினார். மகள் அதை அடித்துவிட்டுப் 'பராமரிப்பு' என்று எழுதினாள். கமிட்டியில் ஒருவர் விடுப்பில் இருந்தார். பிறகு இன்னொருவர். ஒவ்வொரு திங்களும் வியாழனும் அப்பா அலுவலகக் கதவுக்குள் தலையை நீட்டிக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் கண்காணிப்பாளர் நிமிராமலே கையை விரித்தார்.

அனுமதி வருவதற்குள் அளவு எடுத்து வைத்துவிடலாம் என்று அந்த வியாழக்கிழமை டேப்பைக் கொண்டுவந்திருந்தார். டயாலிசிஸ் முடிந்து, ஆட்டோவில் வரும்போதே கண்ணாடி டிப்போவுக்குப் போன் செய்தார். சுற்றிலும் அரை அங்குலம் கூடுதலாக, நாற்பத்திரண்டுக்கு இருபத்தைந்து. அடுத்த வியாழன் வந்து எடுத்துக்கொள்கிறேன். ஓரம் தேய்த்து வை, கையைக் கிழிக்கும்.

புதன் காலை ஆறே முக்காலுக்கு, பல் துலக்கப் போனவர் குழாயைத் திறந்தார். மூடவில்லை. தண்ணீர் சத்தம் நிற்கவே இல்லையே என்று அம்மா போய்ப் பார்த்தாள்.

துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர், வீட்டுக் கூடத்தில் வைக்க அவர் படம் ஒன்று வேண்டும், சட்டம் போட யாரிடம் கொடுப்பது என்று கேட்டார். அம்மா அவரை வெறித்துப் பார்த்தாள். "அவர்கிட்டதான்" என்றாள். பிறகுதான் தான் சொன்னது அவளுக்குக் கேட்டது. அந்தப் படம் இன்றும் சட்டம் இல்லாமல் அலமாரியில் சாய்ந்து நிற்கிறது.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. உறையில் அப்பாவின் பெயர். தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ஞாயிறு காலை ஒன்பது முதல் பதினொன்று வரை பராமரிப்புப் பணியை முடித்துக்கொள்ளவும்.

மகள் அவருடைய பையை எடுத்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை டயாலிசிஸ் கிடையாது, கூடம் காலி. நான்கு திருகாணியில் மூன்று துருப்பிடித்திருந்தன. வாட்ச்மேன் எண்ணெய் விட்டுக் கழற்றிக் கொடுத்தார். படத்தை இரண்டு பேருமாக இறக்கி, வரிசையாகச் சேர்த்துப் போட்ட நாற்காலிகள் மேல் குப்புறக் கிடத்தினார்கள். சுவரில் படம் இருந்த இடத்தில் ஒரு பக்கம் ஈரம் பாய்ந்திருந்தது. பழுப்புத் தாளிலும் அதே உருவத்தில் ஒரு கறை.

தாளைக் கத்தியால் கீறி விலக்கினாள்.

துண்டு அங்கேதான் இருந்தது. அப்பா சொன்ன இடம், சொன்ன அகலம். செல்லரித்திருந்தது. துணி போய், இடையிடையே அட்டை தெரிந்தது. மிச்சம் இருந்ததும் சல்லடை. மயில்துத்தம் போட்ட பசை காய்ந்தால் இலேசாக நீலம் தட்டும். கடையின் பசைக் கிண்ணம் உள்புறம் முழுக்க அந்த நிறம்தான். சின்ன வயதிலிருந்து பார்த்தது. இங்கே வெறும் பழுப்புத் தூள். அன்றைய அவசரத்தில் போட மறந்திருக்கிறார். மறந்தது அவருக்கே தெரியாது. முப்பத்தோரு வருஷம் தெரியாது.

மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கூடை இருக்க வேண்டிய இடத்தில் அட்டை. பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் அட்டை. சிவப்புக் கட்டம் எங்கும் இல்லை. கடைசி மூன்றங்குலத்தில் பச்சை வரப்பு. அதன் மேல் இரண்டு பாதங்கள். கணுக்காலுக்கு மேல் ஒன்றுமில்லை. விரல்கள் இடது பக்கம், வயலைப் பார்த்து.

அதையாவது எடுக்கலாம் என்று நினைத்தாள். மெல்லிய கத்தியை அடியில் கொடுத்தாள். நுண்ணிய வேலைக்குப் பழகிய கைதான். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டாள். முதல் பாதம் கத்தியின் மேல் ஏறி, ஏறிய இடத்திலேயே தூளாயிற்று.

அதற்கு மேல் தொடவில்லை.

"என்னதாம்மா இருந்துச்சு அந்தப் பக்கம்?" என்றார் வாட்ச்மேன்.

"ஆள் வர்றாங்க."

"முதலாளியா?"

"இல்ல. செருப்பு இல்லாத கால்."

"என்ன கொண்டு வர்றாங்க?"

யோசித்தாள். அப்பா சொன்னது இருக்கிறது. அந்தச் சலவைக்காரம்மா கேட்டதாக அப்பா சொன்னது இருக்கிறது. இரண்டும் ஒருவர் வாயிலிருந்து வந்தவை. லேப் அறிக்கையாக இருந்தால் 'சரிபார்க்க இயலவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

"தெரியலண்ணே" என்றாள்.

மயில்துத்தம் போட்டுப் பசை கொண்டுவந்திருந்தாள். புதுப் பழுப்புத் தாளை அதே இடத்தில் ஒட்டினாள். ஒற்றைப் பாதம் உள்ளேயே இருந்தது. பத்தே முக்காலுக்குப் படம் மறுபடி சுவரில். அதே முப்பத்தாறு அங்குலம். ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தது. ஒரு விரலால் தள்ளி நேராக்கினாள். பதிவேட்டில், 'பணி முடிந்தது' என்ற கட்டத்தில் வாட்ச்மேன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை அப்பாவின் போன் அடித்தது. அம்மா அதைத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். மகள் எடுத்தாள்.

"மூணு நூல் அண்ணன் இருக்காரா?" கண்ணாடி டிப்போ. கடைத்தெருவிலிருந்து தள்ளி, ஊருக்கு வெளியே. சேதி போயிருக்கவில்லை. "நாற்பத்திரண்டுக்கு இருபத்தஞ்சு வெட்டச் சொன்னாரு. வெட்டி, ஓரம் தேய்ச்சு, மூலையில சாய்ச்சு வெச்சிருக்கேன். சாக்பீஸ்ல பேரும் எழுதியாச்சு. லோடு இறக்குற இடம்மா, யாராவது இடிச்சுடப் போறாங்க. அண்ணன் வாக்குத் தவற மாட்டாரே, அதான் உடம்பு ஏதும் சரியில்லையோன்னு... எப்ப வருவாரு?"

மகளின் கையில் அந்தச் சின்ன நோட்டு இருந்தது. முடிந்த வேலைக்கெல்லாம் அப்பா பக்கத்தில் ஒரு சாய்வுக் கோடு போடுவார். பக்கம் பக்கமாகக் கோடுகள். கடைசிப் பக்கத்தில், அகலம் முப்பத்தஞ்சேகால், உயரம் இருபத்து மூணேகால் என்ற அளவுக்கும் கோடு விழுந்திருந்தது. அதற்குக் கீழே பென்சிலில் ஒரே ஒரு வரி. அதற்குக் கோடு இல்லை.

'வியாழன். டயாலிசிஸ் முடிஞ்சு வரும்போது கண்ணாடி எடுக்கணும்.'